முன்பணம் கேட்கிறார், அனுப்பலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பக்கத்திலேயே இருப்பதாகச் சொல்லும் ஒருவர் தன் பழைய போனை விற்கிறார், இதே மாடல் மற்ற இடங்களில் போகிற விலையில் பாதிதான் கேட்கிறார், மரியாதையாகப் பேசுகிறார், அவருடைய கணக்கும் பல வருடம் பழையது, ஆனால் "இன்னும் நாலு பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்க, கொஞ்சம் முன்பணம் போட்டுவிட்டா உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்" என்கிறார். இவர் ஏமாற்றுக்காரரா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மனதுக்குள் நீங்கள் கேட்பது வேறு என்று தோன்றுகிறது: போன் பிடித்துவிட்டது, கை நழுவிப் போய்விடக் கூடாது, பணத்தை அனுப்பலாமா? அதற்கு என் பதில், அனுப்ப வேண்டாம். அவர் நல்லவராகவே இருந்தாலும் அனுப்ப வேண்டாம். ஒரு மனிதர் நேர்மையானவரா என்று பத்து மெசேஜை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் உங்கள் பணம் போகாத மாதிரி ஒரு வியாபாரத்தை அமைத்துக்கொள்ள முடியும், அதைத்தான் கீழே விளக்கமாக எழுதுகிறேன்.

பதினேழு வருடமாகப் போன், லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். பழையதை வாங்கிச் சரிசெய்து விற்பதும் உண்டு. வெளியில் வாங்கி ஏமாந்தவர்கள் கடைசியில் வந்து நிற்பது என் மாதிரி ஆட்களின் மேசைக்கு முன்னால்தான், அதனால் ஏமாற்று எந்த இடத்தில் நடந்தது என்று அடிக்கடி பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வண்டி, நகை, வீடு இதெல்லாம் என் தொழில் இல்லை, ஆகவே அவற்றைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் சொல்வேன்.

நேரில் வாங்குகிற எந்தப் பொருளுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பார்ப்பது, அப்புறம் சோதிப்பது, அப்புறம் பணம் கொடுப்பது. நான் பார்த்த ஏமாற்றுகளில் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வரிசையை எங்கேயோ மாற்றியதால் நடந்தவை. பார்ப்பதற்கு முன்பே பணம் கேட்பது ஒரு வகை. பார்க்க விடுவார்கள், சோதிக்க விடமாட்டார்கள், அது இன்னொரு வகை. சோதிக்கவும் விட்டு, பணம் கைமாறும் நேரத்தில் பொருளை மாற்றிவிடுவது மூன்றாவது. அவர்கள் சொல்லும் கதைகள் நூறு விதமாக இருக்கும், அம்மாவுக்கு ஆபரேஷன், அவசரமாக வெளிநாடு, ராணுவத்தில் பணி மாற்றல் என்று. கதையில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தால் நன்றாகக் கதை சொல்கிறவரிடம் தோற்றுவிடுவீர்கள். வரிசை மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள், யாருக்கும் எந்த ஊரிலும் செய்ய முடிகிற வேலை அது.

முன்பணம் ஏன் சிறிய தொகையாக இருக்கிறது என்று நீங்கள் யோசித்திருக்கலாம். "இவ்வளவு சின்னத் தொகைக்கா ஒருத்தர் ஏமாற்றப் போகிறார்" என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே அது சிறியது. போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிற அளவுதான் இருக்கும், அதற்காகப் புகார் எழுத யாருக்கும் நேரம் இருக்காது, ஆனால் ஒரே போட்டோவைக் காட்டி இருபது பேரிடம் வாங்கினால் அது சிறிய தொகை இல்லை. இன்னொன்றும் நடக்கும். முதல் தொகை போன பிறகு இரண்டாவது ஒன்று வரும், டெலிவரிக் கட்டணம், இன்சூரன்ஸ், திருப்பித் தரப்படும் டெபாசிட் என்று ஏதோ ஒரு பெயரில். முதலில் கொடுத்ததைக் காப்பாற்றுவதற்காகவே இரண்டாவதையும் கொடுத்துவிடுகிறோம். என்னிடம் வந்து "இவனைக் கண்டுபிடிக்க வழி இருக்கா அண்ணே" என்று கேட்டவர்களில் பலர் ஒரு தடவையோடு நிறுத்தியவர்கள் இல்லை.

அதற்காக முன்பணம் கேட்பவர் எல்லாம் திருடர் என்று சொல்லமாட்டேன், அது தப்பு. நானே விற்கும்போது பட்டிருக்கிறேன்: வருகிறேன் என்று மூன்று பேர் சொல்வார்கள், ஒருவரும் வரமாட்டார்கள், அந்த எரிச்சலில் நல்ல மனிதர்களும் கேட்டுவிடுவார்கள். அதனால் கேட்டதை வைத்து முடிவு கட்ட வேண்டாம், நீங்கள் மறுத்த பிறகு என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். "முன்பணம் தர முடியாது, ஆனால் இன்றைக்கே வந்து பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் முழுப் பணமும் அங்கேயே தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பொருளைக் கையில் வைத்திருக்கிறவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது, முழுப் பணமும் இன்றே வருகிறது. உடனே இடமும் நேரமும் சொல்வார். கையில் போன் இல்லாதவருக்குத்தான் இதில் சிக்கல், அங்கேதான் கோபம் வரும், புதுக் கதை வரும், "நம்பிக்கை இல்லன்னா விடுங்க" வரும்.

விலை குறைவு ஒரு எச்சரிக்கை, ஆதாரம் கிடையாது. வீடு மாறுகிறவர்கள், புதிது வாங்கிவிட்டவர்கள் சல்லிசாக விற்பதுண்டு, நானே அப்படி வாங்கியிருக்கிறேன். பழைய பொருளில் விற்கிறவருக்குத் தெரிந்தது வாங்குகிறவருக்குத் தெரியாது என்பதுதான் அடிப்படைப் பிரச்சினை. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். எது நல்லது, எது மோசமானது என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் தருவார், அந்த விலைக்குத் தர மனமில்லாமல் நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகிவிடுவார் என்பது அதன் சாரம். இதைத் தலைகீழாகப் பார்த்தால் நமக்கு ஒரு வழி கிடைக்கிறது. நல்ல பொருள் வைத்திருப்பவருக்கு அதை நிரூபித்துக் காட்டுவதில் லாபம் இருக்கிறது, ஆகவே சோதிக்கக் கேட்டால் அவர் முகம் சுளிக்கமாட்டார். ஏன் இவ்வளவு குறைவு என்று நேரடியாகவே கேளுங்கள். "பேட்டரி போய்விட்டது, ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது" என்று குறையைச் சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

கணக்கு பழையது என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன். பழைய கணக்குகளைத் திருடி, அதே பெயரிலும் அதே குடும்பப் படங்களோடும் விளம்பரம் போடுவது சாதாரணமாக நடக்கிறது, நல்ல மதிப்புரைகளும் கணக்கோடு சேர்ந்தே வந்துவிடும். அடையாள அட்டையின் படத்தைத் தானாகவே அனுப்பினால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். பழைய போன் விற்கிற சாதாரண மனிதர் தன் அட்டையை முகம் தெரியாதவருக்கு அனுப்பத் தயங்குவார், இப்படிச் சுற்றுகிற அட்டைகள் பெரும்பாலும் முன்பு ஏமாந்த வேறொருவருடையவை. விளம்பரத்தில் உள்ள படத்தை இணையத்தில் படத் தேடலில் போட்டுப் பாருங்கள், வேறு ஊர் விளம்பரத்தில் அதே படம் கிடைத்தால் விஷயம் முடிந்தது. கிடைக்காவிட்டால் அது எதையும் நிரூபிக்காது. காகிதத்தில் இன்றைய தேதி எழுதிப் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்வது முன்பு நல்ல சோதனையாக இருந்தது, இப்போது படத்தைத் திருத்துவது அவ்வளவு எளிதாகிவிட்டதால் அதை நான் அரைகுறையாகத்தான் நம்புகிறேன். வீடியோ அழைப்பில் போனை ஆன் செய்து, நீங்கள் சொல்கிற செட்டிங்ஸைத் திறந்து காட்டச் சொல்வது மேல். அதுவும்கூட நேரில் போவது வீணாகாமல் இருக்கத்தான், பணம் அனுப்புவதற்கான அனுமதியாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பணம் சம்பந்தமாகச் சந்தேகத்துக்கே இடமில்லாத சில விஷயங்கள் உண்டு. உங்கள் போனுக்கு வரும் ஓடிபியை எந்த விற்பனையாளருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் வரவே வராது. "நீங்கள் நிஜமான ஆளா என்று பார்க்க ஒரு கோட் அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள்" என்றால், அந்த நேரத்தில் உங்கள் ஏதோ ஒரு கணக்குக்குள் நுழைய முயற்சி நடக்கிறது என்று அர்த்தம். உங்கள் கணக்குக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண்ணான 'பின்' நம்பரைப் போடத் தேவையில்லை, "திருப்பி அனுப்புகிறேன், இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்றால் நீங்கள் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். கியூஆர் கோட் என்பது 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. அந்தக் கட்டங்களுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று மனிதக் கண்ணால் படிக்க முடியாது, அதனால் திரையில் ஸ்கேன் செய்த பிறகு வரும் வாசகத்தைப் படிக்காமல் எதையும் அழுத்தாதீர்கள். விற்பனையாளர் அனுப்பும் லிங்க் வழியாகப் பணம் கட்டவும் வேண்டாம், பிரபலமான டெலிவரி நிறுவனத்தின் பக்கம் மாதிரியே இருக்கும், முகவரியில் ஒரு எழுத்து மாறியிருக்கும். விளம்பரம் வந்த தளத்துக்குள்ளேயே பேசுவோம் என்றால், வேறு செயலிக்கு வரச்சொல்லி அவசரப்படுத்துவதையும் கவனியுங்கள். வெறும் வசதிக்காகக் கேட்பவர்களும் உண்டு, ஆனால் தளத்துக்கு வெளியே போய்விட்டால் பிறகு புகார் செய்யும்போது தளத்திடம் காட்ட எதுவும் மிஞ்சாது.

சரி, அவர் வரச்சொல்லிவிட்டார், போகிறீர்கள். பகல் நேரம், ஆள் நடமாட்டம் உள்ள இடம், கூட ஒருவர். கடைசி நிமிடத்தில் "அங்கே வர முடியல, இந்தச் சந்துக்கு வாங்க" என்று இடம் மாறினால் திரும்பி வந்துவிடுங்கள், போய் வந்த அலைச்சலைப் பார்க்காதீர்கள். உட்காரவும் சார்ஜர் செருகவும் வசதி உள்ள இடமாக இருந்தால் ரொம்ப நல்லது, ஏனென்றால் ஒழுங்கான சோதனைக்கு இருபது நிமிடம் ஆகும். வெளிப்புறக் கீறலைப் பார்ப்பதில் எல்லோரும் நேரத்தைச் செலவு செய்கிறார்கள், அதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

முதலில் டயல் பேடில் *#06# அழுத்துங்கள். ஐஎம்இஐ எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண், திரையில் வரும், 15 இலக்கம், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். அதையும் செட்டிங்ஸில் காட்டும் எண்ணையும், பெட்டியில் அச்சடித்திருப்பதையும், பில் இருந்தால் பில்லில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் கடைசி இலக்கம் முதல் 14 இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வருவது, அதனால் வாய்க்கு வந்த எண்ணை அடித்து ஒட்டியிருந்தால் சோதிக்கும் தளங்கள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். திருட்டுப் போன் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கும் வசதி பல நாடுகளில் இருக்கிறது, பாருங்கள். ஆனால் இங்கே ஒரு எல்லை உண்டு: இன்று சுத்தமாகத் தெரிகிற எண்ணை நாளைக்கு உரிமையாளர் புகார் கொடுத்தால் நாளை மறுநாள் முடக்கிவிடுவார்கள். பட்டியலில் இருந்தால் திருட்டு என்று உறுதியாகச் சொல்லலாம், இல்லாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது பூட்டு, போனை அதன் சொந்தக்காரரின் கணக்கோடு கட்டி வைக்கிற பூட்டு. என் மேசைக்கு வருகிற அழுகையில் பாதி இதனால்தான். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய போன் வாங்கியிருந்தார். வாங்கும்போது போன் ஆனில்தான் இருந்தது, படம் எடுத்துப் பார்த்தார், பாட்டு ஓடியது, எல்லாம் சரி. வீட்டுக்குப் போய் விற்றவருடைய படங்கள் எதுவும் வேண்டாமே என்று முழுவதும் அழித்திருக்கிறார். மறுபடி ஆன் ஆனதும் முன்பு இருந்தவரின் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் கேட்டது. முதல் எழுத்து மட்டும் தெரிந்தது, மீதியெல்லாம் புள்ளி. விற்றவரின் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல அண்ணா, எடுத்துக் குடுத்துடுங்க" என்றார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, முறையான எந்த சர்வீஸ்காரராலும் முடியாது. ஐபோனில் இந்தப் பூட்டு 2013இல் ஐஓஎஸ் 7 உடன் வந்தது, ஆண்ட்ராய்டில் 5.1 பதிப்பிலிருந்து இருக்கிறது, போனை அழித்தாலும் பூட்டு நிறுவனத்தின் சர்வரில் அப்படியே இருக்கும். திருட்டைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது, விற்றவர் வெளியேறாமல் கொடுத்தால் வாங்கியவர் மாட்டிக்கொள்கிறார். எடுத்துத் தருகிறேன் என்று இணையத்தில் பணம் கேட்பவர்களிடம் போனால் இரண்டாவது தடவை ஏமாறுவதற்கே வாய்ப்பு அதிகம்.

ஆகவே இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: உங்கள் கண் முன்னால் விற்பவர் தன் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும், உங்கள் கண் முன்னால் போன் முழுதாக அழிய வேண்டும், பிறகு இணைய இணைப்பைக் கொடுத்து, உங்கள் கணக்கைப் போட்டு, முகப்புத் திரை வரும் வரை நீங்களே கொண்டுபோக வேண்டும். அதுவரை பணம் உங்கள் பையில்தான். இணைய இணைப்பு முக்கியம், ஏனென்றால் நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கிற போன்களிலும் லேப்டாப்களிலும் உள்ள கட்டுப்பாடு அழித்த பிறகு, இணையத்தில் சேர்ந்த பிறகுதான் தலைகாட்டும். "ஏற்கனவே ரீசெட் பண்ணிட்டேங்க, அப்படியே எடுத்துக்குங்க" என்று ஹலோ திரையில் நிற்கிற போனைக் கொடுத்தால் அங்கேயே செட்டப்பை முடித்துப் பாருங்கள். அவருக்கு நேரம் இல்லையென்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

பாகங்களைச் சோதிப்பது சுலபம்தான். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு செய்து எதிர்முனைக்கு உங்கள் குரல் கேட்கிறதா என்று கேளுங்கள், சார்ஜர் செருகுங்கள், இரண்டு கேமராவையும் திறங்கள், ஏதாவது ஒரு ஐகானை விரலால் பிடித்துத் திரையின் மூலை முடுக்கெல்லாம் இழுத்துப் பாருங்கள், எங்கே நழுவுகிறதோ அங்கே டச் வேலை செய்யவில்லை. ஐபோன் என்றால் பேட்டரி எத்தனை சதவீதம் என்று காட்டும். 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதத்தில் இருக்கும்படியும், 15 முதல் 1000 சார்ஜுக்கு அப்படி இருக்கும்படியும் வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. நாலு வருடம் ஓடிய போன் 100 காட்டினால் பேட்டரி மாற்றியிருக்கிறார்கள், அது குற்றம் இல்லை, யார் மாற்றியது, என்ன பேட்டரி என்று கேட்க வேண்டும். ஐஓஎஸ் 15.2 முதல் ஜெனரல், அபௌட் பகுதியில் மாற்றிய பாகங்களின் விவரமும் வருகிறது, எல்லாப் பாகமும் எல்லா மாடலிலும் வராது. தண்ணீரில் விழுந்ததா என்பதற்குச் சிம் ட்ரே துளைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்போம், பல போன்களில் அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஈரம் பட்டால் சிவப்பாக மாறும். சிவப்பாக இருந்தால் ஈரம் பட்டிருக்கிறது. வெள்ளையாக இருந்தால் படவில்லை என்று என்னாலும் திறக்காமல் சொல்ல முடியாது, அதை மாற்றி ஒட்டவும் செய்கிறார்கள்.

பிரிக்காத பெட்டி என்று சொல்வதைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் அதில் ஏமாறுகிறவர்கள் ரொம்ப ஜாக்கிரதையானவர்கள். ஒருவர் அப்படி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் உறை மடிப்பு கலையாமல் இருந்தது, எடையும் சரியாக இருந்தது, "சீல் உடைச்சா விலை போயிடும்" என்று சொல்லி விற்றவர் பிரிக்க விடவில்லையாம். உள்ளே போன் அளவுக்கு அறுத்த ஒரு டைல்ஸ் துண்டு, ஆடாமல் இருக்கத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். அவர் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த மாதிரி உறையைச் சுருக்கி ஒட்ட வேண்டிய சுடுகாற்று மெஷின் என் மேசையிலேயே இருக்கிறது, திரையைக் கழற்ற நாங்கள் தினமும் உபயோகிப்பது. சீல் என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. பிரித்துப் பார்க்க விடாத பெட்டியை வாங்காதீர்கள், விலை குறைந்துவிடும் என்றால் பணத்தைக் காட்டிவிட்டு அவர் முன்னாலேயே பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். அதே மாதிரி, சோதித்து முடித்த போன் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. "இருங்க, கவர்ல போட்டுத் தரேன்" என்று வாங்கித் திரும்பும் அந்த ஒரு வினாடியில்தான் மாற்றுகிறார்கள்.

மற்றப் பொருட்களில் எனக்குத் தெரிந்த கொஞ்சம். மலிவான மெமரி கார்டும் பென்டிரைவும் 1 டெராபைட் என்று கம்ப்யூட்டரிலேயே காட்டும்படி உள்ளே திருத்தியிருப்பார்கள், உண்மையான கொள்ளளவு தாண்டியதும் கோப்புகள் கெட்டுப்போகும், எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் முழுதாக எழுதிப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். லேப்டாப் வாங்கினால் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு கேட்கிறதா என்றும் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்றும் பாருங்கள். கார்களின் அடையாள எண் 17 எழுத்து, அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றும் வராது, காகிதத்தில் உள்ளதும் வண்டியில் பொறித்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019இன் 23வது வாரத்தில் தயாரானது. ஓடிய தூரத்தை மீட்டர் குறைவாகக் காட்டி, பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்று சோதிப்பார்கள், பித்தளையும் ஒட்டாது. டங்ஸ்டனின் அடர்த்தி கிட்டத்தட்டத் தங்கத்தினுடையதே, 19.3க்கு 19.25, அதனால் தண்ணீரில் எடை போட்டும் பிடிக்க முடியாது, முறையாகச் சோதிக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

பொருள் எல்லாச் சோதனையிலும் தேறினாலும் அது அவருடையதுதானா என்பது தனிக் கேள்வி. திருட்டுப் பொருளுக்கு முழு விலை கொடுத்திருந்தாலும், தெரியாமல் வாங்கியிருந்தாலும், பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி உரிமை முதல் சொந்தக்காரருக்கே. விதிவிலக்குகள் நாட்டுக்கு நாடு மாறும், அதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். பில்லைக் கேளுங்கள். பில் தொலைந்துவிட்டது என்பது பாதி நேரம் உண்மையாகத்தான் இருக்கும், அப்படியானால் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பேர் பெயர், ஐஎம்இஐ எண், தொகை, தேதி, கையெழுத்து. இரண்டு நிமிட வேலை. கையெழுத்துப் போட மறுக்கிறவரிடம் நான் இதுவரை எதுவும் வாங்கியதில்லை, அதில் சில நல்ல போன்களை விட்டிருக்கலாம், வருத்தம் இல்லை.

கேள்வியின் கடைசியில் "ஒருவேளை அனுப்பிவிட்டால்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ஏற்கனவே அனுப்பிவிட்டீர்களோ என்று நினைக்கிறேன். அப்படியென்றால் வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள், விவரம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். அவர் உங்களைத் தடை செய்வதற்கு முன்னால் உரையாடல், கணக்கின் முகவரி, பணம் போன எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். உடனே வங்கியையும் பணம் அனுப்பிய செயலியின் உதவி எண்ணையும் அழையுங்கள், செயலிக்குள்ளிருந்தோ வங்கி அட்டையின் பின்புறத்திலிருந்தோ எண்ணை எடுங்கள், இணையத் தேடலில் வருகிற எண்ணை வேண்டாம். சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகாமல் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது, கட்டாயம் திரும்பி வரும் என்று நான் சொல்லமாட்டேன். பிறகு காவல்துறையில் புகார், விளம்பரம் வந்த தளத்தில் புகார். ஓடிபி ஏதாவது சொல்லியிருந்தால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். சில நாள் கழித்து "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது கட்டணம் கேட்டால், அது பெரும்பாலும் அதே கூட்டம்தான். அவரைத் தேடிக்கொண்டு தனியாகப் போகவும் வேண்டாம்.

இன்னும் அனுப்பவில்லை என்றால், இன்றைக்கே அவருக்கு இதை எழுதுங்கள்: "முன்பணம் வேண்டாம், நாளை பகலில் நேரில் வருகிறேன், என் முன்னால் ரீசெட் செய்து என் கணக்கு ஏறியதும் முழுத் தொகையும் தருகிறேன், வேறு யாராவது முன்னால் வந்தால் அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்." பதில் வராவிட்டாலோ, மறுபடியும் முன்பணத்துக்கே வந்தாலோ, அந்த உரையாடலை அங்கேயே விட்டுவிடுங்கள், இதே மாடல் அடுத்த வாரமும் யாராவது விற்பார்கள். "வாங்க" என்று சொன்னால் சார்ஜர், உங்கள் சிம், சிம் ட்ரே திறக்கிற ஊசி, ஒரு வெள்ளைத் தாள், பேனா எடுத்துக்கொண்டு, கூட ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.